புறங்கைச் சூடு

சுடுதா, சுடலையா. நெத்தியில புறங்கைய வச்சா சுடுற மாதிரித்தான் இருக்கு. அதே கைய எடுத்து என் நெத்தியில வச்சா அதுவும் சுடுது. பங்குனி மாசத்துல இந்த ஊர்ல எதத் தொட்டாலும் சுடத்தான் செய்யும், சன்னல் கம்பி சுடுது, சிமிண்டுத் தரை சுடுது, ராத்திரி பூரா ஓடுன ஃபேன் காத்தே சுடுது, விருதுநகர்ல குடியிருந்துக்கிட்டு புள்ள மேலு சுடுதேன்னு பொலம்புனா கேக்குறவன் சிரிப்பான். நெத்தி பொய் சொல்லும், கழுத்து பொய் சொல்லாதும்பா சங்கரி. பெத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கழுத்துல வச்சேன். சுடுது. இல்ல, போர்வைக்குள்ள சுருண்டு கெடந்த சூடா இருக்கும், செத்த நேரம் காத்தாட உக்காந்தா எறங்கிரும். தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு, சங்கரி வாங்கி வச்சது, அதுல பேட்டரி செத்து எத்தன நாளாச்சோ, அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், கம்முனு கெடக்கு. நான் கைய எடுக்குறதுக்குள்ள தன்யா முழிச்சுட்டா. முழிச்சுப் பாத்துட்டு சிரிச்சா. ‘காய்ச்சல் இருக்காப்பா?’ன்னா. தெரியலடா, பாப்போம்னேன். ‘நெசமாவே இருக்கா?’ன்னா மறுபடியும், பரிச்சையில பாஸாயிட்டோமான்னு கேக்குற மாதிரி. ரெண்டாப்புப் படிக்கிற புள்ளைக்குக் காய்ச்சல்ல என்ன அம்புட்டு ஆச? அதோட விட்டாளா, கட்டில்ல உக்காந்தபடியே வீட்டச் சுத்திப் பாத்துட்டு, இன்னைக்கு வீடு கூட்டலியாப்பா, அந்தப் பாயச் சுருட்டி வைப்பான்னு அதிகாரம் வேற. காலங்காத்தால இவளுக்கு எதுக்கு இந்த மாமியா வேல. எந்திரி, பல்ல வெளக்குன்னேன். ஒரு பேச்சு எதுத்துப் பேசாம எந்திரிச்சுப் போயி வெளக்குனா.

வண்டி எடுக்குற நேரம் ஆயிருச்சு. மொத ஸ்டாப்பு தெப்பத்துக்கிட்ட, அங்க ஒரு அண்ணனும் தங்கச்சியும், என் ஹாரன் சத்தம் கேட்டாத்தான் அந்தத் தங்கச்சிக்குப் பாலே தொண்டையில எறங்கும்னு அவங்க அம்மா சொல்லும். அப்புறம் தெருத்தெருவாப் புள்ளைக, ஒண்ணு சாக்ஸு போடாம ஓடியாரும், ஒண்ணு வாய்க்குள்ள இட்லிய அதக்கிக்கிட்டு வரும். நான் ஸ்கூல் வேன் டிரைவரு. காய்ச்சக்காரப் புள்ளைய வண்டியில ஏத்தமாட்டேன்னு ஊருக்கே சட்டம் போட்டவன். சும்மா ஒண்ணும் போடல. இந்தப் பெத்தவங்க பண்ணுற கூத்து எனக்குத்தான் தெரியும். காலையில சிரப்ப ஊத்துறது, மூஞ்சில பவுடர அப்புறது, டிரைவரண்ணே, பாப்பா கொஞ்சம் டல்லா இருக்கா, முன் சீட்டுல வச்சுக்கங்கன்னு பல்லக் காட்டுறது. அந்த சிரப்பு ரெண்டு பீரியடு தாங்கும். மூணாவது பீரியடுல புள்ள டெஸ்க்குல தலையச் சாச்சிரும், மிஸ்ஸு ஆயாவக் கூப்புடும், ஆயா வாட்ச்மேனக் கூப்புடும், வாட்ச்மேன் எனக்கு போனப் போடுவாரு, நான் அப்பத்தான் சோத்துல கைய வச்சிருப்பேன். அதுக்குள்ள பக்கத்துல உக்காந்த நாலுக்கு அது ஒட்டியிருக்கும். அதான் கதவத் தொறந்ததும் நெத்தியத் தொட்டுப் பாத்துத்தான் ஏத்துறது. போன மாசம் பேங்க்ல வேல பாக்குற ஒரு பொம்பள, மகனத் தூக்கிட்டு வந்துச்சு, தொட்டா அடுப்புக் கல்லு கணக்கா இருக்கான். முடியாதுன்னுட்டேன். அந்தப் பொம்பள ஒண்ணும் சண்ட போடல, உங்களுக்கென்னண்ணே, வீட்ல அக்கா இருப்பாங்க, நான் லீவுக்கு யார்கிட்டப் போயி நிப்பேன்னு மட்டும் கேட்டுச்சு. கேட்டுட்டு அவன ஸ்கூட்டியில முன்னால நிப்பாட்டி பேங்குக்கே கூட்டிட்டுப் போயிருச்சு. அந்தப் பய போறப்ப என் வண்டியப் பாத்து டாட்டா காட்டுனான். வீட்ல அக்கா இல்ல தாயி, குவைத்துல இருக்கான்னு சொல்ல வந்தேன், சொல்லி என்னத்துக்கு. ஹாரன அடிச்சுட்டு வந்துட்டேன்.

குவைத்துல இப்ப விடிஞ்சிருக்காது. போன் கையிலதான் இருக்கு. ஒரு அமுக்கு அமுக்குனா சங்கரி எடுத்துருவா, தூக்கத்துலயும் அவளுக்கு போன் மேல ஒரு காது. அங்க நடக்கமாட்டாத ஒரு பெரிய மனுசியப் பாத்துக்குற வேல. குளிப்பாட்டணும், ஊட்டணும், மாத்திர குடுக்கணும், ராத்திரி அது இருமுனா எந்திரிச்சு முதுகத் தடவணும். ரெண்டே வருசம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன், நமக்குன்னு ஒரு வண்டி வாங்கிருவோம்னு சொல்லித்தான் போனா. ஏர்போர்ட்டுல தன்யா அழுவலையே, நான்தான் மூக்க உறிஞ்சுனேன், அப்பாவுக்குச் சளின்னு இவ பெரிய மனுசியாட்டம் சொன்னா. இப்ப போனப் போட்டு, ஏத்தா, புள்ளைக்கு மேலு சுடுது, அனுப்பவா வேணாமான்னு கேட்டா அவ என்ன செய்வா? அங்க உக்காந்து அழுவா. அழுதுக்கிட்டே அந்தக் கெழவிக்கு ஊட்டுவா. வேணாம். அவ இருந்தா என்ன கேப்பான்னு எனக்கே தெரியும். சண்ட போடுறாளான்னு கேப்பா. காய்ச்சல்ல புள்ளைக சொன்ன பேச்சுக் கேக்கும், சண்ட போட்டுச்சுன்னா தாராளமா அனுப்பு, சொன்னதக் கேட்டுச்சுன்னா படுக்க வையி, இதுதான் அவ கணக்கு. நானும் இட்லிய வச்சுட்டுப் பாத்தேன். தெனமும் ஒரு இட்லிக்கு ஒரு பாரதப் போரு நடக்கும், சட்னி காரம், இட்லி ஒடஞ்சிருக்கு, இது வட்டமா இல்லன்னு. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. வச்சதப் பிட்டுப் பிட்டு வாயில போட்டுக்கிட்டா, மெதுவா, வாசலப் பாத்துக்கிட்டே. யூனிஃபார்ம மாட்டுன்னேன், மாட்டுனா. அட, இப்படி ஒரு புள்ளையான்னு நானே ஒரு நிமிசம் குளுந்துபோயிட்டேன். குளுந்த அப்புறந்தான் சங்கரி கணக்கு நெனப்புக்கு வருது. சொன்ன பேச்சக் கேக்குறா. அப்ப காய்ச்சல்தானோ?

இல்ல, நடிப்பாவும் இருக்கலாம். ஏன் சொல்றேன்னா, போன வாரம் குளிக்க வைக்கிறப்ப அக்குள்ள இருந்து ஒரு சின்ன வெங்காயம் விழுந்துச்சு. வெங்காயம். எனக்குச் சிரிக்கவா வையவான்னு தெரியல. அக்குள்ள வெங்காயம் வச்சா காய்ச்சல் வரும்னு நாங்களும் பள்ளிக்கூடத்துல வச்சோம், வீச்சம்தான் வந்துச்சு, வாத்தியாரு அந்த வீச்சத்துக்கே அடிச்சாரு. எவடி சொல்லிக் குடுத்தா, கணக்குப் பரிச்சையான்னு கேட்டேன், தலையக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கு மறுநாளு பாத்தா மொட்ட மாடி வெயில்ல செருப்பில்லாம நிக்கிறா. அதுக்கும் மறுநாளு ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஐஸ நக்குறா. பள்ளிக்கூடம்னா உசிர விடுற புள்ள, மிஸ்ஸு லீவு போட்டா அழுற புள்ள, அங்க யாரும் அடிக்கிறாங்களா, வண்டியிலயே எவனாச்சும் கிள்ளுறானா, என் பக்கத்துல முன் சீட்டுலதான் வருவா, இருந்தாலும் ரோட்டப் பாத்து ஓட்டுறவனுக்கு எல்லாமா தெரியும். கேட்டேன், யாரும் ஒண்ணும் பண்ணலப்பான்னா. அப்ப எதுக்குடி காய்ச்சலத் தேடி அலையிற? ஊர்ல புள்ளைக காய்ச்சல் இருக்குறத மறைக்கும், இவ இல்லாததக் கூப்புடுறா. இப்ப இந்தச் சூடு நெசச் சூடா வெங்காயச் சூடான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க. அக்குளத் தடவிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. சுட்டுச்சு. நெசமாத்தான் சுட்டுச்சு. டெங்குங்கிறான், என்னென்னமோ பேரு சொல்றான் பேப்பர்ல, பேசாம வீட்ல படுக்க வையிடான்னு மனசு சொல்லுது. படுக்க வச்சா யாரு பாக்குறது? கீழ ராசாத்தி அக்கா இருக்கு, வீட்டுக்காரவுக, கேட்டா மாட்டேன்னு சொல்லாது. ஆனா அவுக மக தலப்பிரசவத்துக்கு வந்து நெற மாசமா இருக்கு, அங்க கொண்டுபோயி காய்ச்சலோட விடுறது நல்லாவா இருக்கும். நான் லீவு போட்டா தெப்பத்துல இருந்து ஊரணி வரைக்கும் புள்ளைக வாசல்ல நிக்கும். மாத்து டிரைவரு பெரியசாமியக் கூப்புட்டா வண்டி எடுப்பான், ஆனா அவனுக்குத் தெருவு தெரியாது, எந்தப் புள்ள எங்க வாந்தி எடுக்கும்னு தெரியாது. மதியம் வரைக்குந்தான, அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுதுன்னு இன்னொரு மனசு.

சிரப்ப எடுத்தேன். யாரு எடுத்தது? நான்தான். ஊர்ல இருக்குற அம்மாமாரையெல்லாம் வாய்க்கு வந்தபடி வஞ்சவன்தான் ஃபிரிட்ஜு மேல இருந்த பாட்டில எடுத்து, குலுக்கி, மூடியில அளந்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன். கை கூசத்தான் செஞ்சுச்சு. அந்த பேங்குக்காரப் பொம்பளயும் இப்படித்தான் நின்னிருக்கும், சேலையக் கட்டிக்கிட்டு, ஒரு கண்ணு கடியாரத்துல, ஒரு கண்ணு புள்ள மேல. தனக்கு வந்தாத்தான் தலைவலியும் காய்ச்சலும். எம் புள்ளைய என் பக்கத்துலயே உக்கார வச்சுக்கப்போறேன், மத்த புள்ளைக பக்கம் விடமாட்டேன்னு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். வாயத் தொறடான்னேன். தொறக்கல. ஆரஞ்சு மணக்குற சிரப்பு, சும்மா நாள்லயே ஒரு சொட்டு குடுப்பான்னு கேட்டு நச்சரிக்கிறவ, இன்னைக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டு தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுறா. சொன்ன பேச்செல்லாம் கேட்ட புள்ள இதுக்கு மட்டும் கேக்கல. ‘வேணாம்ப்பா. குடிச்சா காய்ச்சல் போயிரும்.’ போறதுக்குத்தானடி குடுக்குறதுன்னேன். ‘போகக் கூடாதுப்பா’ன்னா, கண்ணுல தண்ணி நிக்கிது. எனக்குக் கோவம் வந்துருச்சு. நேரமாச்சு, போன் ரெண்டு தடவ அடிச்சு ஓஞ்சுருச்சு, தெப்பத்துப் புள்ளைக வீடாத்தான் இருக்கும். தாடையப் புடிச்சேன், மூடிய வாய்க்கிட்டக் கொண்டுபோனேன், அவ கையால ஒரு தட்டுத் தட்டுனா, அம்புட்டும் யூனிஃபார்ம் மேல. ஓங்குன கைய எப்படியோ எறக்கிட்டேன். அடிக்கல. சட்டைய மாத்துவோம்னு பொத்தானக் கழட்டுனேன்.

தொப்புளுக்கு மேல மூணு நாலு. செவப்பா. வேர்க்குருவுன்னுதான் மொதல்ல நெனச்சேன், அப்படித்தான் நெனைக்க ஆசப்பட்டேன். கிட்டக் குனிஞ்சு பாத்தா நுனியில தண்ணி கோத்து நிக்கிது, வெளிச்சத்துல மினுங்குது. முதுகத் திருப்புனா அங்கயும். வேர்க்குருவுல இப்படித் தண்ணி கோக்காது. அட முட்டாப் பயலே. பதினஞ்சு நாளு இருக்குமா, பிரகல்யா வீட்டு வாசல்ல போயி ஹாரன் அடிச்சேனே. இவ கூட முன் சீட்டுல ஒட்டிக்கிட்டு வர்ற புள்ள அது. வாசல் நெலையில வேப்பங்கொல சொருகியிருந்துச்சு. அவ அப்பா வெளிய வந்து, ஹாரன் வேணாம்னு கையக் காட்டிட்டு, வண்டிக் கதவுப் பக்கம் வந்து கொரலத் தணிச்சு, அம்மா வந்திருக்காங்கண்ணே, தண்ணி ஊத்துற வரைக்கும் பாப்பாவ அனுப்பல, வீட்டுலயே வச்சுக்குறோம்னாரு. நானும் ஸ்டியரிங்ல இருந்து கைய எடுத்துக் கும்பிட்டேன். அம்மைன்னு பேரச் சொல்லமாட்டோம், வந்திருக்குறது மாரியாத்தா, வீட்டுக்கு வந்த பெரிய மனுசியப் பேசுற மாதிரித்தான் பேசணும், வந்திருக்காங்க, எறங்குவாங்க, மனங்குளுந்து போவாங்க. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தன நேரம் கழுத்தையும் அக்குளையும் தடவிக்கிட்டு சிரப்ப அளந்துக்கிட்டு நின்னுருக்கேன், நல்லவேள, ஏத்தியிருந்தா வண்டி முழுக்கப் பரப்பியிருப்பேன். அப்பத்தான் ராசாத்தி அக்கா, இன்னும் வண்டி எடுக்கலியா முனீசுன்னு கேட்டுக்கிட்டே படியேறி வந்துச்சு. வாசப்படியில கால வச்சுச்சு. சட்டையத் தொறந்துபோட்டுக் கட்டில் மேல நிக்கிற புள்ளையப் பாத்துச்சு. வச்ச கால எடுத்துருச்சு. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, ‘அம்மா வந்திருக்காங்க முனீசு’ன்னுச்சு.

தன்யா கட்டில்ல இருந்து ஒரே குதி. எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே அக்காவத் தாண்டி ஓடிட்டா. சட்டப் பொத்தான் போடல, சிரப்பு ஒட்டுன நெஞ்சோட மாடிப்படி முனையில நின்னு கீழ எட்டிப் பாக்குறா, கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தெருவுக்கு எட்டிப் பாக்குறா. ‘மேல வரச் சொல்லுங்க பெரியம்மா!’ தெருவுல என் வண்டி மட்டுந்தான் நிக்கிது. அக்காவுக்கு ஒண்ணும் புரியல, ஓடாத தாயி, காத்து படக்கூடாதுங்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரே அடியா எல்லாம் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு அந்த மனுசன் கொரலத் தணிச்சுச் சொன்னப்ப இவ என் பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்தா. பிரகல்யாவுக்கு என்னப்பான்னு கேட்டா, காய்ச்சல்டான்னேன், வேற என்ன சொல்ல. அம்புட்டுத்தான், புள்ள கணக்குப் போட்டு முடிச்சிருச்சு. பிரகல்யாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அவ அம்மா வந்துட்டாங்க, அவ ஸ்கூலுக்குப் போகாம அம்மா கூட வீட்ல இருக்கா. பிரகல்யா அம்மா எங்க போனாங்க வர்றதுக்கு, அவங்க அங்கனயேதான இருக்காங்கன்னு இவளுக்குத் தோணல. அம்மான்னா எங்கயோ தூரத்துல இருந்து வர்றவங்கன்னுதான் இவளுக்குத் தெரியும். வெங்காயம் அதுக்குத்தான். வெயில்ல நின்னது அதுக்குத்தான். வீடு கூட்டலியாப்பான்னு கேட்டது, இட்லி திங்கும்போது வாசலப் பாத்தது, சிரப்புக்கு வாயத் தொறக்காதது. நான் இவ மேல ஓங்குன கைய எங்க கொண்டுபோயி வைப்பேன். அக்கா வேப்பல பறிச்சுட்டு வாரேன், படியிலயே வச்சுட்டுப் போறேன், கோவிச்சுக்காத முனீசு, கீழ மாசமா இருக்கவ இருக்காள்லன்னு எறங்கிப் போச்சு. நான் பெரியசாமிக்கு போனப் போட்டேன். வண்டிய எடுத்துக்க, சாவிய அக்காட்டக் குடுத்து விடுறேன், தெப்பத்துல இருந்து ஆரம்பி, மத்தத நீ போகப் போக போன்ல சொல்றேன்னேன். அவன் காரணம் கேட்டான். வீட்ல புள்ளைக்கு முடியல, நான் பத்து நாளு வரமாட்டேன்னுட்டேன். இத்தன நேரம் மண்டையப் போட்டு ஒடச்ச விசயம், ஒரே வார்த்தையில முடிஞ்சிருச்சு.

வெளிய வந்தப்ப அவ மேல் படியில உக்காந்திருந்தா. கால்ல யூனிஃபார்ம் சாக்ஸு ஒண்ணுதான் இருந்துச்சு. நானும் பக்கத்துல உக்காந்தேன். என்ன சொல்ல, எப்படிச் சொல்ல. அவங்க சாமிடா, கோயில்ல இருக்காங்கள்ல, பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டியெல்லாம் எடுக்குறாங்கள்ல, அந்த அம்மா, அவங்கதான் வந்திருக்காங்க, ஒன் மேலுல முத்து முத்தா இருக்கு பாரு, அவங்க வந்தா அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். சட்டைய விலக்கிப் பாத்துக்கிட்டா. ஒண்ணத் தொடப் போனா, கையப் புடிச்சுக்கிட்டேன். கை கொதிச்சுச்சு. ‘நம்ம அம்மா இல்லையா?’ன்னா. இல்லடா. நம்ம அம்மா வேலையில இருக்காங்கள்ல, ரொம்பத் தூரம்லன்னேன். மறுபடி ஒருக்கா தெருவ எட்டிப் பாத்தா. ‘காய்ச்சல் வந்தாக் கூடவா வரமாட்டாங்க?’ பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கு வருவாங்க, நாளாண்டைக்கு வருவாங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், வாய்க்கு வந்துருச்சு. இந்தத் தடவ சொல்லல. காய்ச்சல் வந்தாக் கூட வரமுடியாதுடா தாயி, அவங்களுக்கு வரணும்னுதான் இருக்கும், வரமுடியாது, அப்பா இருக்கேன், பத்து நாளும் ஒன் கூடவே இருக்கேன்னேன். அவ அழுவான்னு நெனச்சு மடியில இழுத்துக்கப் பாத்தேன். அழல. என் கையில இருந்து மெதுவா அவ கைய உருவிக்கிட்டு, குனிஞ்சு, ஈரச் சட்டையில ஒவ்வொரு பொத்தானாப் போட ஆரம்பிச்சா. எல்லாத்தையும் போட்டு முடிச்சுட்டு எந்திரிச்சு நின்னா.

‘அப்ப எனக்குக் காய்ச்சல் வேணாம்ப்பா. நான் ஸ்கூலுக்கே போறேன்’னா.